உடையவளைக் கேட்காமல்

அந்தக் கடைவளாகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவர் எதிர்க்கடை மைக்காரர். பிரிண்டர் டப்பாக்களுக்கு மை நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில், ஊர் வம்பு பேசுவது உபதொழில். "பழைய கம்ப்யூட்டரத் துடைச்சு விக்கிறே. அப்ப நீ துடைப்பம்தானே?" என்று ஒரு நாள் வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தார். அவ்வளவுதான், பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தாள், அப்புறம் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இப்போது டீ கொண்டுவருகிறவர் முதல் வாடகை வாங்க வருகிறவர் வரை "துடைப்பம் கடை" என்றுதான் சொல்கிறார்கள்.

கடை என்று சொன்னால் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். முதல் மாடியில், மேலே போகிற படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற சந்து அது. கூரை சரிந்து இறங்கும். உயரமானவர்கள் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். ஒரு மேசை, மேலே ரப்பர் விரிப்பு, காந்தத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் திருப்புளிகள், ஒரு திரை. இடது பக்க அலமாரியில் இன்னும் துடைக்காதவை, வலது பக்க அலமாரியில் துடைத்தவை. இடமிருந்து வலம் போவதற்குள் ஒரு பெட்டி அவள் கையில் படாத பாடு படும். திறந்து தூசி ஊதி, விசிறியைக் கழுவி, ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்து, புதிதாக எல்லாம் ஏற்றி, முதல் முதலாகத் திறக்கிறபோது "உங்கள் பெயர் என்ன?" என்று அது கேட்கும்படி செய்துவிட்டுத்தான் விற்பாள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது துடைப்பது. அதில் அவளோடு யாரும் வாதாட முடியாது. "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன், அப்படியே வித்துடுங்க" என்று யாராவது சொன்னால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"டெலிட் பண்ணிட்டீங்களா? வாசல்ல இருக்கிற பேர்ப் பலகையைக் கழட்டிட்டா வீட்டுக்குள்ள இருக்கிறவங்க காலி ஆயிடுவாங்களா? உள்ளதான் உக்காந்திருப்பாங்க. தேடத் தெரிஞ்சவன் கதவைத் திறந்து ஒவ்வொருத்தரா கூப்பிடுவான்."

அவள் செய்வது வேறு. ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலை விடாமல் பூஜ்ஜியமாக எழுதிக்கொண்டே போகும் ஒரு நிரலை, தன் பென் டிரைவிலிருந்து ஓடவிடுவாள். பழைய டிஸ்க் என்றால் மணிக்கணக்காகும். ஆகட்டும். முடிந்த பிறகு அதில் ஆண்டவனே வந்து தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. தொழில் பழகிய கடையில் முதலாளியும் அவன் கூட்டாளிகளும் மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, விற்பனைக்கு வந்த கணினிகளைத் திறந்து அடுத்தவர் குடும்பப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள், யாரோ ஒரு பெண் தன் மருத்துவருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அகப்பட்டது. சிரித்தார்கள். அவள் எழுந்துபோய் மொத்தக் கடைக்கும் மின்சாரத்தை அணைத்தாள், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சொந்தக் கடை வைத்ததும் தனக்குத்தானே இரண்டு கட்டளை போட்டுக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உடையவர் வாயால் "துடை" என்று கேட்காமல் கை வைப்பதில்லை. ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பும் பெரிய அதிகாரியாக இருக்கட்டும், தொலைபேசியில் அவரே வந்து சொல்லவேண்டும். அப்பாவுடையது என்று மகன் தூக்கிவந்தால் அப்பா படியேறி வரவேண்டும். "ரொம்பத்தான் பண்றீங்க" என்று திட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். மைக்காரர்கூடச் சொல்லிப்பார்த்தார். "வர்ற ஆள விரட்டறதுக்குன்னே கடை வெச்சிருக்கியா?" அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் மாமா வந்தபோது கேட்கவில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆகும்போது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு இவளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தவர் அவர்தான். இந்தக் கடையைப் பிடிக்கும்போது ஜாமீன் கையெழுத்து போட்டதும் அவர்தான். குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வரும்போதெல்லாம் பழம் வாங்கிவருவார். "தங்கமான மனுஷன்" என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள், அவளும் சொல்வாள். அக்கா ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மீதியை அவர் முடித்துவைப்பார். அதுகூடப் பிரியம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆள் நடமாட்டமில்லாத ஒரு மதியம் அவர் தலையைக் குனிந்து கடைக்குள் நுழைந்தார். கையில் துண்டில் சுற்றிய லேப்டாப்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

நாற்பதை நெருங்குகிறாள், இன்னும் பாப்பாதான்.

"ஆச்சு மாமா. உக்காருங்க. இது அக்காவோடதுதானே?"

"ஆமா. ரொம்ப மெதுவா இருக்குன்னு புலம்பிட்டே இருந்தா. புதுசு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். இதைச் சுத்தமா துடைச்சு யாருக்காவது குடுத்துடு."

"வேணுங்கிறதையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டாளா?"

"எல்லாம் எடுத்தாச்சு."

அவள் கை தொலைபேசி பக்கம் போனது என்னவோ உண்மை. பழக்க தோஷம். போன கை பாதியில் நின்றது. மாமாவை எதிரில் உட்காரவைத்துவிட்டு, அவர் சொன்னது நிஜந்தானா என்று அக்காவை அழைத்துக் கேட்பதா? ஜாமீன் போட்ட மனுஷனை, சோறு போட்டு வளர்த்த மனுஷனை? நினைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பென் டிரைவைச் செருகினாள். அக்காவின் திரை எப்படி இருக்கும், அதில் என்னென்ன கிடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல், நேராகத் தன் நிரலைத் திறந்து ஓடவிட்டாள்.

மாமா கிளம்பவில்லை. ஒரு டீ குடித்தார், மைக்காரரோடு விலைவாசி பேசினார், திரும்பி வந்து திரையில் நீளும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்து விளக்கு போடுகிற நேரத்தில் கோடு முடிந்தது.

"இனி யாராலயும் எடுக்க முடியாதில்ல?"

"என்னாலயே முடியாது மாமா" என்றாள் சிரித்துக்கொண்டே.

"அதனாலதான் உன்கிட்ட கொண்டுவந்தேன்" என்று தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்த சூட்டோடு அக்கா வந்தாள். அக்கா இந்தப் படியேறி வருவது அபூர்வத்திலும் அபூர்வம். மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அக்கா இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தங்கைக்கு யோசிக்கவேண்டியிருந்தது.

"குடு பாப்பா, சீக்கிரம். அவரு ஆபீஸ் போயிட்டாரு. திரும்பறதுக்குள்ள எனக்கு வேலை இருக்கு."

"எதைக் குடுக்கச் சொல்றே?"

"என்னோட லேப்டாப்தான், வேற எதை?" அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன்கிட்ட இப்பவாவது சொல்லிடறேன். நான் அந்த வீட்டை விட்டுப் போறேன். ஒரு தையல் கூடத்துல கூப்பிட்டிருக்காங்க. வேலையும் குடுக்கிறாங்க, தங்கறதுக்கு மாடியில ஒரு அறையும் குடுக்கிறாங்க. நான் வரைஞ்ச பேட்டர்ன் எல்லாத்தையும் இன்னிக்கு மதியம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்காங்க."

அக்கா பேட்டர்ன் வரைவாள் என்பது தங்கைக்குத் தெரியும். துணியை எப்படி வெட்டினால் உடம்பில் சரியாக உட்காரும் என்கிற அளவுப் படம். ஆனால் அக்கா வரைந்தது கடையில் கிடைக்கிற உடுப்பு பொருந்தாதவர்களுக்கு என்பது இப்போதுதான் தெரிந்தது. முதுகு வளைந்தவர்களுக்கு, ஒரு கை சூம்பிய பிள்ளைகளுக்கு, நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு. வீட்டுக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக அளந்து, போட்டுப் பார்த்து, திருத்தித் திருத்தி வருடக்கணக்காக வரைந்து வைத்தவை. அவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

தங்கை குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கவனிக்கவில்லை, மடை திறந்த மாதிரி பேசிக்கொண்டே போனாள்.

"எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாரு. எப்படியோ என்ன, அந்த லேப்டாப்ல அவரோட கணக்குதானே போட்டு வெச்சிருக்காரு? நான் எதைத் தேடினாலும் அவரு போன்ல தெரியும். அதனாலதான் எதையும் நெட்ல ஏத்தி வெக்கல. பென் டிரைவ் வாங்கினா எங்க ஒளிக்கிறது? என் கைப்பையைக்கூடக் கொட்டிப் பாப்பாரு. திட்டமாட்டாரு, அடிக்கமாட்டாரு. 'எதுக்கும்மா இதெல்லாம்?'னு சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போயிடுவாரு. வெளியில சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பியிருப்பியா?"

தங்கையின் பார்வை வலது பக்க அலமாரிக்குப் போய்த் திரும்பியது.

"நேத்து காலையில, 'இதைப் பாப்பாகிட்ட குடுத்துடறேன்'னு எடுத்தாரு பாரு. வேற யார்கிட்டயாவது குடுக்கிறேன்னிருந்தா கால்ல விழுந்தாவது தடுத்திருப்பேன். உன்கிட்டன்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. மாட்டிக்கிட்டாருன்னு நெனச்சேன். உடையவங்களைக் கேக்காம நீ தொடமாட்டியே, ஊருக்கே தெரியுமே! போன் வரும், ஆமா ஆமான்னு சொல்லிட்டுக் காலையில ஓடிவந்து வாங்கிக்கலாம்னு வாயைத் திறக்காம இருந்தேன். போன் வரலை. சரி, நீ இன்னும் எடுக்கவே இல்ல போலன்னு..."

அங்கே அக்கா நிறுத்தினாள். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பாப்பா?"

"துடைச்சுட்டேன்க்கா."

எதிர்க்கடையில் மைக்காரர் ஏதோ டப்பாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமும் நின்றது.

"துடைச்சுட்டேன்னா?"

"மாமா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாரு."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். பிறகு, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் குரலில் திரட்டிக்கொண்டு கேட்டாள். "திரும்ப எடுக்கலாமில்ல? தொலைஞ்சு போனதையெல்லாம் எடுக்கிறாங்களே?"

மைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "கீழ் மாடியில ரெக்கவரி பண்றவன் இருக்கானேம்மா, நான் வேணா கூப்பிடறேன்" என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் போன வேகத்தில் திரும்பியும் வந்தார். "யாரு துடைச்சதுன்னு கேட்டான். சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டான்."

வராது என்று தெரிந்தும் அவள் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினாள். மீட்கிற நிரலை ஓடவிட்டாள். சும்மா நிற்க முடியவில்லை, அதற்காகத்தான். திரையில் பூஜ்ஜியம் வந்தது. கீழே தள்ளினால் அங்கேயும் பூஜ்ஜியம். வேறொரு கடைக்காரன் என்றால் அவசரத்துக்கு மேலோட்டமாகத் தட்டிவிட்டு விற்றிருப்பான், பாதியாவது தேறியிருக்கும். ஒழுங்காக வேலை செய்த கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவளுக்கு. அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏதோ ஒரு வரியிலாவது தன் படம் ஒன்று எட்டிப் பார்த்துவிடும் என்பது மாதிரி.

"போதும், நிறுத்து" என்றாள் கடைசியில்.

"அக்கா, மன்னிச்சுடு. மாமாகிட்ட எப்படிக்கா சந்தேகப்பட்டுக் கேக்கறது? அவரு நமக்கு எவ்வளவு..."

"தெரியாதவங்களுக்கெல்லாம் கேக்கற. ட்ரைவரை அனுப்பினவருக்குக் கேக்கற. படி ஏற முடியாத கிழவரைக்கூட ஏற வெச்சுக் கேக்கற. எனக்குக் கேக்கல." அக்காவின் குரல் உயரவே இல்லை. "ஒரு போன், பாப்பா. நான் இருக்கேனான்னு ஒரு போன்."

மாமாவை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தபோது அக்கா என்று ஒருத்தி இருப்பதே அவள் கணக்கில் வரவில்லை. அந்த லேப்டாப் அக்காவுடையது என்று வாயால் சொன்னாள். ஆனால் மாமாவுடையதைப் போலத்தான் வாங்கிக்கொண்டாள். இது உறைத்ததும் அழுகை வந்தது. அழுதாள். அக்கா சமாதானம் சொல்லவில்லை. சின்ன வயதில் இவள் மூக்கைச் சிந்தினாலே ஓடிவருகிற அக்கா, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அக்காதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சரி. அதை எனக்குப் பயன்படற மாதிரி பண்ணிக் குடு. வெறும் கையோட போறதுக்கு அதையாவது எடுத்துட்டுப் போறேன்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். டிஸ்க்கைத் திரும்பப் பொருத்தினாள். புதிதாக எல்லாம் ஏற்றினாள். வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு விட்டுவிடுகிற ஒவ்வொரு கேள்விக்கும் அக்காவையே கேட்டுக் கேட்டுப் பதில் போட்டாள். யாருடைய கணக்கும் சேர்க்காமல், இந்தக் கணினிக்கு மட்டுமான புதுக் கணக்கு. எங்கிருக்கிறது என்று யாருக்கும் சொல்லாதபடி இருப்பிடம் அணைக்கப்பட்டது. கேமராவுக்கு மேல் கறுப்பு ஒட்டுத்தாள். அக்காவின் போனையும் வாங்கி, அதில் மாமாவின் கணக்கு எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று காட்டி, ஒவ்வொன்றாக வெளியேற்றினாள். அக்கா ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப பாஸ்வேர்ட் போடணும்க்கா. பிறந்த நாள் வேண்டாம், பேர் வேண்டாம். கொஞ்சம் நீளமா, உனக்கு மட்டும் தெரிஞ்சதா."

அக்கா கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"நான் எப்பவுமே பாக்கமாட்டேன்க்கா."

"திரும்பிக்கோ."

திரும்பி, வலது பக்க அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் முறை உறுதிப்படுத்தக் கேட்டபோது மறுபடியும் தட்டினாள். சரி என்று அக்கா சொல்கிறவரை இவள் அசையவில்லை.

துணிப்பைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள்.

"எந்த இடம்க்கா? நானும் வர்றேன். நடந்ததை நானே சொல்றேன். என் தப்புன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க."

"வேண்டாம்."

"இடத்தையாவது சொல்லு. நாளைக்கு வந்து பாக்கறேன்."

அக்கா வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தாள். கோபத்தில் யோசித்த மாதிரி தெரியவில்லை. "சொல்லமாட்டேன், பாப்பா. அவரு வந்து கேட்டா நீ சொல்லிடுவே."

"சத்தியமா சொல்லமாட்டேன்!"

"மிரட்டிக் கேட்டா சொல்லமாட்டே, எனக்குத் தெரியும். அவரு மிரட்டமாட்டாரே. நல்லா பேசுவாரு. நீ சொல்லிடுவே."

சரிந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள். படியிறங்குகிற சத்தம் கேட்டது. மைக்காரர் தன் கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ வேலை இருக்கிற மாதிரி பாசாங்கு செய்தார். அன்றைக்கு அவள் ஒரு பெட்டியையும் தொடவில்லை. அக்கா இந்நேரம் எந்த வாசலில் நிற்கிறாளோ, காலியான லேப்டாப்பைத் திறந்து என்ன சொல்கிறாளோ, உள்ளே விட்டார்களோ விரட்டினார்களோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. போன் செய்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அடுத்த நாள் மாலை மாமா வந்தார். பழம் இல்லை. சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அக்கா ராத்திரி வீட்டுக்கு வரலை, பாப்பா."

அவள் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள். அப்படியானால் எங்கோ உள்ளே விட்டிருக்கிறார்கள்.

"அதுல அக்கா வரைஞ்சதெல்லாம் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அவ நல்லதுக்குத்தான்மா. குடும்பம் கலைஞ்சு போயிடக் கூடாதுன்னுதான்." குரல் தழுதழுத்தது. "எனக்கு யாரு இருக்கா சொல்லு? உன்னை என் பொண்ணு மாதிரி வளத்தேன். நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட இறங்கலை. அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு, போதும். நான் போய்க் கூட்டிட்டு வரக்கூட மாட்டேன். நல்லா இருக்காளான்னு தூர நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

நடந்ததெல்லாம் தெரிந்தும், நேற்றைக்கெல்லாம் இந்த மனுஷனை மனசுக்குள் கிழித்துத் தோரணம் கட்டியும், அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு இரக்கம் சுரந்தது. நம்புங்கள், சுரந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தாள். இடம் தெரிந்திருந்தால்? சொல்லியிருப்பாள் என்றுதான் அவளுக்கே தோன்றியது.

"எனக்குத் தெரியாது மாமா."

"பொய் சொல்லாத பாப்பா. உன்கிட்ட சொல்லாம போவாளா அவ?"

"என்கிட்டதான் மாமா சொல்லமாட்டா."